பியானோ கால்களுக்குக் கால்சட்டை: யதார்த்தவாதமும் நவவிக்டோரிய நாவலும்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் பியானோவின் கால்களைக்கூடத் துணி சுற்றி மறைத்து வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கால் என்று எதைப் பார்த்தாலும் ஆண்களின் மனம் அலைபாய்ந்துவிடுமாம். அந்தக் காலத்தை வைத்து நாவலோ தொலைக்காட்சித் தொடரோ எடுக்கிறவர், பணக்கார வீட்டுக் கூடத்தில் அப்படியொரு பியானோவை நிறுத்தினால் 'அடடா, எவ்வளவு யதார்த்தம்' என்று மெச்சுவோம்.

ஆனால் அந்தக் கதையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பிரெடெரிக் மாரியட் என்ற ஆங்கிலக் கப்பற்படை அதிகாரி, நாவலாசிரியரும்கூட, 1839-இல் தம்முடைய அமெரிக்கப் பயணத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பியானோவின் கால்களுக்குச் சுருக்கு வைத்த குட்டிக் கால்சட்டை போட்டிருந்ததாக எழுதிச் சிரித்தார். அமெரிக்கர்களைக் கேலி செய்ய ஆங்கிலேயர் சொன்ன கதை, காலப்போக்கில் ஆங்கிலேயர் தலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

உண்மையில்லாத ஒன்று இவ்வளவு உண்மையாகத் தோன்றுவது எப்படி? அதற்கு, புனைகதையில் யதார்த்தம் என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். நம்மிடையே அந்தச் சொல் படும் பாடு கொஞ்சமல்ல. படம் மெதுவாக நகர்ந்தால் யதார்த்தம். நாயகிக்கு ஒப்பனை இல்லையென்றால் யதார்த்தம். கடைசியில் எல்லோரும் செத்துப்போனால் அப்பட்டமான யதார்த்தம். 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். இவற்றில் எதுவும் யதார்த்தவாதத்தின் இலக்கணம் ஆகாது.

தாமதமாக வந்தவர் சொன்ன காரணம்

அலுவலகத்துக்கு இரண்டு பேர் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார்கள். முதலாமவர் "பஸ் கிடைக்கவில்லை சார்" என்கிறார். இரண்டாமவர், "சைதாப்பேட்டைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது சார். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கண்டக்டர் ஏழு ரூபாய் மீதி தர வேண்டும், அதைக்கூட வாங்காமல் ஓடி வந்தேன்" என்கிறார்.

மேலாளர் இரண்டாமவரைத்தான் நம்புவார். அந்த ஏழு ரூபாய்க்கும் தாமதத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை எடுத்துவிட்டாலும் காரணம் முழுமையாகவே நிற்கும். ஆனாலும் நம்பவைப்பது அந்த ஏழு ரூபாய்தான். பொய் சொல்ல வந்தவன் எதற்காக மீதிச் சில்லறையைப் பற்றிப் பேசப்போகிறான் என்று கேட்பவர் மனம் தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. தேர்ந்த பொய்யர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். தேர்ந்த நாவலாசிரியர்களுக்கும் தெரியும்.

இப்போது சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடலாம். யதார்த்தவாதம் என்பது, சாதாரண மனிதர்களின் அன்றாட வாழ்க்கையை, நடக்கக்கூடிய காரண காரியத்தோடு, நடந்தது போலவே நம்பவைக்கும் எழுத்துமுறை. 'நம்பவைக்கும்' என்பதையும் 'முறை' என்பதையும் கவனியுங்கள். பஸ் உண்மையில் நின்றதா என்று நமக்குத் தெரியாது. இரண்டாமவர் சொன்ன விதம் மட்டுமே நம் கையில் இருக்கிறது.

சுவரில் மாட்டிய ஒரு கருவி

ஏழு ரூபாய்க்கு இலக்கியத்தில் ஒரு புகழ்பெற்ற அண்ணன் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1877-இல் வெளியிட்ட கதை ஒன்றில் ஒரு வீட்டுக் கூடத்தை வர்ணிக்கிறார். பழைய பியானோ, அதன்மேல் அடுக்கிய பெட்டிகள், அதற்கு மேலே சுவரில் ஒரு காற்றழுத்தமானி. ரோலான் பார்த் என்ற விமர்சகர் 1968-இல் எழுதிய கட்டுரையில் இந்த அழுத்தமானியைப் பிடித்துக்கொண்டார். பியானோ அந்த வீட்டாரின் அந்தஸ்தைச் சொல்கிறது, பெட்டிக் குவியல் வீட்டின் ஒழுங்கின்மையைச் சொல்கிறது, சரி. அழுத்தமானி எதைச் சொல்கிறது? கதையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாமல் அது அங்கே தொங்குவதாலேயே, 'இது நிஜமான வீடு, நிஜமான வீட்டில் காரணமில்லாத பொருள்களும் இருக்கும்' என்ற எண்ணம் எழுகிறது. பார்த் இதற்கு 'மெய்ம்மை விளைவு' என்று பெயர் வைத்தார். கதைக்குத் தேவையில்லாத ஒரு விவரம், கதையை நிஜம்போலத் தோன்றவைக்கும் விளைவு அது.

பொருளை மட்டும் சேர்த்தால் போதாது. யாரைப் பற்றி எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது. ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதிய மேரி ஆன் எவன்ஸ், 1859-இல் வெளிவந்த தம்முடைய முதல் நாவலின் 17-ஆம் அத்தியாயத்தில் கதையை அப்படியே நிறுத்திவிட்டு வாசகரோடு வாதம் செய்கிறார். தேவதைகளையும் வீரர்களையும் வரைந்த ஓவியங்களை விட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு கிழவியை வரைந்த டச்சு ஓவியங்களைத்தான் தாம் விரும்புவதாகச் சொல்கிறார். அழகில்லாதவர்களுக்கும் கதையில் இடம் வேண்டும் என்பது அவர் கட்சி. இன்று இது சாதாரணமாகப் படுகிறது. அன்று அதைச் சொல்வதற்கு ஒரு முழு அத்தியாயம் தேவைப்பட்டது.

இது யார் குரல்?

என்னைக் கேட்டால், யதார்த்தவாதத்தின் மிகப் பெரிய கருவி மேசை நாற்காலி வர்ணனை கிடையாது, குரல். கீழே ஒரு சிறு பத்தி:

"மீனாட்சி ஜன்னல் பக்கம் போனாள். தெருவில் யாரும் இல்லை. ஐந்து மணிக்கு வருகிறேன் என்றார். சொன்ன நேரத்துக்கு என்றைக்கு வந்திருக்கிறார், இன்றைக்கு வர?"

முதல் இரண்டு வாக்கியங்கள் கதைசொல்லியுடையவை. கடைசி வாக்கியம் யாருடையது? மேற்கோள் குறி இல்லை, 'என்று நினைத்தாள்' இல்லை. ஆனால் அந்த எரிச்சல் மீனாட்சியுடையது. கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் பாத்திரத்தின் மனம் சத்தமில்லாமல் குடியேறிவிட்டது. இதைக் கலந்த குரல் என்று வைத்துக்கொள்வோம். நிஜ வாழ்க்கையில் இன்னொருவர் மனத்துக்குள் இப்படி நுழைய யாராலும் முடியாது. அப்படிப் பார்த்தால் யதார்த்த நாவலின் அடிப்படை உத்தியே யதார்த்தத்தில் நடக்க முடியாத ஒன்று. படிக்கும்போது அது நமக்கு உறுத்துவதே இல்லை.

கடன்காரன் வருகிறான்

மாயாஜாலக் கதையில் நாயகன் வீட்டு வாடகை கட்டுவதில்லை. யதார்த்த நாவலில் வாடகைதான் வில்லன். எலியட்டின் 'மிடில்மார்ச்' (1871–72) நாவலில் லிட்கேட் என்ற இளம் மருத்துவர் வருகிறார். மருத்துவ அறிவியலில் பெரிதாக ஏதேனும் சாதிக்க வேண்டும் என்பது அவர் கனவு. அவரைக் கவிழ்ப்பது எதிரியின் கத்தியோ சாபமோ இல்லை. புதுமணத் தம்பதிக்காக வாங்கிய மேசை நாற்காலி, பாத்திர பண்டங்களின் பாக்கிதான். கடன் ஏற ஏற அவருடைய பேச்சு மாறுகிறது, மனைவியோடு இருந்த உறவு மாறுகிறது, கடைசியில் ஆளே மாறிப்போகிறார். பணம், சட்டம், உயில், உத்தியோகம் என்று வெளியே நடப்பவை மனிதரின் உள்ளே என்ன செய்கின்றன என்று அந்த நாவல்கள் காட்டின. பட்ஜெட் போட்டுக் குடும்பம் நடத்துகிற நமக்கு அது அன்னியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

இதுவரை பார்த்தவற்றைத் திரட்டிக்கொள்வோம். யதார்த்தவாதம் ஒரு கைவினை. தேவையில்லாத விவரம், சாதாரண மனிதர்கள், மனத்துக்குள் நுழையும் கலந்த குரல், பணமும் சட்டமும் இழுக்கும் காரண காரியச் சங்கிலி ஆகியவை அதன் கருவிகள். அது நிகழ்ந்ததைப் பதிவு செய்யும் எந்திரம் என்று நினைத்தால் தடுமாறிப்போவோம். அப்படித் தடுமாறியவர்களில் டிக்கன்ஸும் ஒருவர்.

"இது நிஜமாகவே நடந்தது" என்ற வாதம்

சார்லஸ் டிக்கன்ஸ் 1852–53-இல் தொடர்கதையாக எழுதிய 'பிளீக் ஹவுஸ்' நாவலில் குரூக் என்ற குடிகாரக் காயலான் கடைக்காரர் ஒருநாள் தானாகவே தீப்பற்றி எரிந்து, எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியுமாக மிஞ்சுகிறார். இப்படி நடக்கவே நடக்காது என்று ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற விமர்சகர் பத்திரிகையில் எழுதினார். டிக்கன்ஸ் விடவில்லை. நாவல் நூலாக வந்தபோது முன்னுரையில், இத்தகைய மரணங்கள் சுமார் முப்பது பதிவாகியிருக்கின்றன என்று பதில் சொன்னார்.

இந்தச் சண்டையில் இருவருமே ஒரு விஷயத்தைத் தவறவிட்டார்கள் என்று நினைக்கிறேன். முப்பது அல்ல, முந்நூறு பதிவுகள் இருந்தாலும் குரூக்கின் சாவு அந்த நாவலில் ஒரு கெட்ட கனவு போலத்தான் நிற்கும். அதே நாவலில் தலைமுறை தலைமுறையாக இழுத்தடிக்கும் ஒரு சொத்து வழக்கு வருகிறது. கடைசியில் அந்தச் சொத்து முழுவதும் வழக்குச் செலவுக்கே போய்விடுகிறது. அப்படி ஒரு வழக்கு நடந்ததா என்று எந்த வாசகரும் ஆதாரம் கேட்பதில்லை. நீதிமன்ற வாசலைப் பார்த்த எவரும் நம்பிவிடுவார்கள். யதார்த்தம் ஆதாரத்தில் தங்குவதைவிட, வாசகர் நம்பத் தயாராக இருக்கும் இடத்தில்தான் அதிகம் தங்குகிறது. இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

விக்டோரிய காலமும் ஒரு மூடியும்

விக்டோரியா 1837-இல் அரியணை ஏறி 1901-இல் இறந்தார். ஏறத்தாழ 64 ஆண்டுகள் நீண்ட அந்த ஆட்சியைத்தான் விக்டோரிய காலம் என்கிறார்கள். தமிழின் முதல் நாவலாகிய வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியபோது இங்கும் அதே ராணிதான். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் பத்திரிகையில் தொடராக வந்ததும் அந்தக் காலத்து நாவல் வழக்கப்படிதான்.

அன்றைய ஆங்கில நாவல் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதைத் தீர்மானித்தவர்களில் முக்கியமானவர் அரசரோ பாதிரியாரோ இல்லை, ஒரு வாடகை நூலகக்காரர். சார்லஸ் எட்வர்ட் மூடி என்பது அவர் பெயர். தமிழில் எழுதும்போது அந்தப் பெயர் தானாகவே ஒரு விமர்சனமாகிவிடுகிறது; நான் என்ன செய்ய! ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கட்டினால் மூடியின் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கலாம். அப்போது ஒரு புதிய நாவல் மூன்று தொகுதிகளாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரே ஒரு நாவலை வாங்கும் காசு, ஓராண்டுச் சந்தாவைவிட அதிகம். எனவே வாசகர் வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார். மூடி மொத்தமாக வாங்கினால் நாவல் பிழைத்தது, வாங்காவிட்டால் படுத்தது. குடும்பத்தில் இளம்பெண் முன்னால் உரக்கப் படிக்க முடியாத எதையும் அவர் அலமாரியில் ஏற்ற விரும்பவில்லை. மூன்று தொகுதி முறை 1894-இல்தான் சரிந்தது.

பத்திரிகைகளும் அப்படியே. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' 1891-இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் நான்கு பால்பண்ணைப் பெண்களின் வழியில் வெள்ளம் நிற்கிறது. ஏஞ்சல் என்ற இளைஞன் ஒவ்வொருவராகக் கையில் தூக்கிக் கரை சேர்க்கிறான். ஆண் பெண்ணைத் தூக்குவதா? பத்திரிகை ஒப்பவில்லை. ஹார்டி எங்கிருந்தோ ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, அதில் உட்காரவைத்து அவர்களைக் கடத்தினார். நூல் வடிவில் வண்டி போய்விட்டது, கைகள் திரும்ப வந்தன. அந்தத் தள்ளுவண்டியை விக்டோரிய நாவலின் சின்னமாகவே வைக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பண்ணையில் இருக்கக்கூடிய நிஜமான பொருள், நம்பும்படியான பொருள், ஆனால் எதையோ மறைக்க வந்த பொருள்.

எல்லை மீறியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு வரி போதும். பிரெஞ்சு நாவலாசிரியர் ஜோலாவின் மொழிபெயர்ப்புகளை வெளியிட்ட ஹென்றி விசெட்டெல்லி என்ற முதிய பதிப்பாளர், ஆபாசக் குற்றச்சாட்டில் 1889-இல் சிறைக்குப் போனார்.

கல்யாண ஆல்பமும் அத்தையும்

நம் வீடுகளில் பழைய கல்யாண ஆல்பம் ஒன்று இருக்கும். எல்லோரும் வரிசையாக நிற்பார்கள், யாரும் அழுதிருக்க மாட்டார்கள், சம்பந்திகள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். படம் பொய்யில்லை. அந்தப் புடவை, அந்தப் பந்தல், அந்த மாலை எல்லாம் அன்றைக்கு இருந்தவைதான். ஆனால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டும்போது வேறு கல்யாணம் வெளியே வரும். "இவர் சாப்பிடாமலே போய்விட்டார், பந்தியில் இலை போட மறந்துவிட்டார்கள் என்று கோபம். இந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள், அவள் மனத்தில் வேறொருவன் இருந்தான். இதோ, ஓரத்தில் பாதி முகம் தெரிகிறதே, இவளை யாரும் படத்துக்குக் கூப்பிடவே இல்லை."

விக்டோரிய யதார்த்த நாவலை அந்த ஆல்பம் என்று கொண்டால், நவவிக்டோரிய நாவல் அத்தை சொல்லும் கதை. பிற்காலத்தில், பெரும்பாலும் 1960-களுக்குப் பிறகு, விக்டோரிய காலத்தை மறுபடி பார்க்கிறோம் என்ற உணர்வோடு எழுதப்பட்ட புனைவுகளுக்குத்தான் நவவிக்டோரிய புனைவு என்று பெயர். தொப்பியும் கோச்சு வண்டியும் வந்துவிட்டால் மட்டும் ஒரு கதை நவவிக்டோரியம் ஆகிவிடாது. ஆல்பத்தில் யார் இல்லை என்று கேட்க வேண்டும்.

பழையதைத் திரும்பிப் பார்ப்பது புதிய பழக்கமும் இல்லை. 1871-இல் வெளிவரத் தொடங்கிய 'மிடில்மார்ச்' 1829 முதல் 1832 வரையான காலத்தில் நடக்கிறது. எலியட்டுக்கே அது நாற்பது ஆண்டு பழைய கதை.

சாரா வாட்டர்ஸ் 2002-இல் எழுதிய 'ஃபிங்கர்ஸ்மித்' அத்தை கதைக்கு நல்ல எடுத்துக்காட்டு. திருடர் குடும்பம், பணக்கார அனாதைப் பெண், சொத்துக்காகத் திருமணச் சதி, மனநோய் விடுதி என்று 1860-களில் சக்கைப்போடு போட்ட பரபரப்பு நாவல்களின் சரக்கு முழுவதும் அதில் இருக்கிறது. அந்தச் சட்டகத்துக்குள் இரண்டு பெண்களுக்கு இடையிலான காதலை அவர் வைக்கிறார். அந்தப் பணக்காரப் பெண்ணின் மாமா இரவு பகலாக ஒரு நூற்பட்டியல் தயாரிக்கிறார். அது என்ன பட்டியல் என்று தெரியவரும்போது வாசகர் திடுக்கிடுகிறார்: அத்தனையும் ஆபாச நூல்கள். இது இன்றைய கற்பனை என்று தோன்றும். ஆனால் ஹென்றி ஸ்பென்சர் ஆஷ்பீ என்ற லண்டன் வணிகர் இதே வேலையைச் செய்தார். புனைபெயரில் அவர் தொகுத்த முதல் பட்டியல் 1877-இல் வந்தது. மூடியின் அலமாரியில் இல்லாதது ஊரிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டது நம் தவறு. கதை பிற்பாடு ஜப்பானிய ஆட்சிக்கால கொரியாவுக்கு இடம் மாறி 2016-இல் திரைப்படமாகவும் வந்தது. எங்கெல்லாம் ஆல்பம் இருக்கிறதோ அங்கெல்லாம் அத்தையும் இருப்பாள் போலும்.

ஜான் ஃபௌல்ஸ் எடுத்த வழி வேறு. 1969-இல் வெளிவந்த அவருடைய 'பிரெஞ்சு லெப்டினன்ட்டின் பெண்' 1867-இல் லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் தொடங்குகிறது. கடல்சுவரை வர்ணிக்கும்போதே இருபதாம் நூற்றாண்டுச் சிற்பி ஹென்றி மூரின் பெயர் வருகிறது. விக்டோரியக் கதைசொல்லிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு காலத்துக்கு உரியதல்லாத ஒன்று கதையில் நுழைவதைக் காலப்பிழை என்போம்; ஃபௌல்ஸ் அதைத் தெரிந்தே செய்கிறார். பன்னிரண்டு அத்தியாயம் வரை நம்மை உள்ளே இழுத்துவிட்டு, பதின்மூன்றில் 'இது முழுக்கக் கற்பனை' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். பிறகு ஆசிரியரே ரயில் பெட்டியில் நாயகனுக்கு எதிரே வந்து உட்கார்ந்து நாணயம் சுண்டிப் பார்க்கிறார். முடிவும் ஒன்றுக்கு மேல் உண்டு.

ஏழு ரூபாய்க்காரர் காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "மீதி ஏழு ரூபாய் என்று சொன்னால் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியும் சார்" என்று சேர்த்தால் எப்படியிருக்கும்? ஃபௌல்ஸ் செய்தது அதுதான். வியப்பு என்னவென்றால், அதன் பிறகும் நாம் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரிந்துகொள்ளப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

நீராவியில் ஓடும் கணினிகளும் பித்தளைப் பறக்கும் கப்பல்களும் வரும் ஸ்டீம்பங்க் கதைகளும் விக்டோரிய மறுகற்பனைதான். அவற்றின் ஆர்வம் எந்திரங்களில் இருக்கிறது. இங்கே பேசும் யதார்த்தத்தோடு அவற்றுக்கு அதிக உறவில்லை என்பதால் கடந்துவிடுகிறேன்.

சுருக்கமாக: விக்டோரிய நாவல் தன் கைவினையால் நம்பவைத்தது, ஆனால் சந்தை அனுமதித்த எல்லைக்குள். நவவிக்டோரிய நாவல் அதே கைவினையை எடுத்துக்கொண்டு எல்லைக்கு வெளியே போகிறது, சில நேரம் கைவினையையே பிரித்துக் காட்டுகிறது.

நம்ப முடியாத உண்மைகள்

மறுபடி பியானோவுக்கு வருவோம். 1850-களின் லண்டனை வைத்து ஒரு நாவல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பாத்திரம் இறைச்சி உண்பதை எதிர்த்துத் தெருத்தெருவாகப் பிரசாரம் செய்கிறது. 'இன்றைய உணவுக் கொள்கையை அன்றைய ஆளின் தலையில் கட்டிவிட்டார்' என்று உடனே புகார் வரும். இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் தொடங்கியது 1847-இல். 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தி, பசியோடு அலைந்து ஃபேரிங்டன் தெருவில் சைவ உணவகம் கண்டதைத் தம் சுயசரிதையில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்.

அல்லது 1892-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனின் ஒரு தொகுதியிலிருந்து ஓர் இந்தியர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். தொடரில் இப்படி ஒரு காட்சி வைத்தால், வெள்ளைக்காரர் ஊரில் இதெல்லாம் நடந்திருக்குமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். தாதாபாய் நௌரோஜி ஃபின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியில் வென்றது அந்த ஆண்டுதான்.

வரலாற்றுத் துல்லியம் என்பது, கதையில் வரும் விவரம் அந்தக் காலத்து ஆவணங்களோடு ஒத்துப்போவது. யதார்த்தத் தோற்றம் என்பது, அது வாசகரின் மனத்தில் இருக்கும் அந்தக் காலத்தோடு ஒத்துப்போவது. இரண்டும் அடிக்கடி சேர்ந்து வரும் என்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். சைவப் பிரசாரகர் துல்லியமானவர், ஆனால் யதார்த்தமாகத் தோன்றமாட்டார். கால்சட்டை போட்ட பியானோ துல்லியமற்றது, ஆனால் யதார்த்தமாகத் தோன்றும்.

அபினும் அப்படித்தான். விக்டோரிய லண்டன் என்றதும் மங்கிய வெளிச்சம், நீண்ட புகைக்குழல், படுத்துக்கிடக்கும் மனிதர்கள் என்று ஓர் அபின் கூடம் வந்துவிடுகிறது. உண்மையில் அன்றைய அபின் பெரும்பாலும் வீட்டு மருந்து அலமாரியில், சாராயத்தில் கரைத்த லாடனம் என்ற புட்டியில் இருந்தது. 1868-இல் சட்டம் வந்து விற்பனையை மருந்தாளுநர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தும்வரை அதை மளிகைக் கடையில்கூட வாங்க முடிந்தது. பல்வலிக்கு ஒரு சொட்டு, அழும் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்திலும் கொஞ்சம். ஒரு நாவலாசிரியர் அபின் கூடத்தை விட்டுவிட்டு, தொட்டில் பக்கத்தில் அந்தப் புட்டியை வைத்தால் அவருக்கு என் முழு மதிப்பெண்.

எங்கே வழுக்குகிறது

நவவிக்டோரிய நாவல்கள் எல்லாம் நல்லவை என்று சொல்ல வரவில்லை. பல சலிப்பூட்டுகின்றன. நாயகி முதல் பக்கத்திலேயே இறுக்கமான உள்கச்சையை வெறுப்பாள், ரகசியமாக அறிவியல் படிப்பாள், வேலைக்காரியைச் சமமாக நடத்துவாள். உடை 1865, மனம் நேற்றைக்கு வந்தது. இதை மனநிலைக் காலப்பிழை எனலாம். பொத்தான் தவறாக இருந்தால் கண்டுபிடிக்க ஆயிரம் பேர் உண்டு, மனம் தவறாக இருந்தால் பிடிப்பது கடினம். ஏனென்றால் அது நம் மனத்தைப் போலவே இருக்கிறது, நம்பிவிடுகிறோம். அன்றைக்கும் உரிமைக்காகப் போராடிய பெண்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களில் பலர் ஆழ்ந்த மத நம்பிக்கையோடு, நமக்கு இன்று சங்கடம் தரும் வேறு பல எண்ணங்களோடும் சேர்ந்தே போராடினார்கள். அந்தச் சங்கடத்தையும் விடாமல் எழுதுகிறவர்கள் குறைவு.

இன்னொரு வழுக்கல், அழுக்கு. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளை நேரில் கண்டு பேசி 1851-இல் தொகுத்த நூல் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு சுரங்கம். தோல் பதனிடும் பட்டறைகளுக்கு விற்பதற்காகத் தெருவில் நாய்ச் சாணம் பொறுக்கியவர்கள், ஆற்றுச் சேற்றில் நிலக்கரித் துண்டு தேடிய சிறுவர்கள் எல்லோரும் அதில் உண்டு. மேஹ்யூ அவர்களைப் பேசவிட்டார்: என்ன சம்பாதிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், அதற்கு முன் என்ன வேலை செய்தார்கள். அவரைத் தோண்டியெடுத்தவர்களில் பலர் சாணத்தை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டார்கள். நாற்றம் அடித்தால் உண்மை என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. ஆல்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள் என்பது அரைகுறை என்றால், எல்லோரும் அழுதார்கள் என்பதும் அரைகுறைதான்.

மாடியறையில் ஒரு மெழுகுவர்த்தி

கடைசியாக, புதியவர்கள் தொடங்க நல்ல இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1847-இல் வந்த ஷார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' நாவலில், பெரிய வீடொன்றின் மேல்மாடியில் ஒரு பெண் அடைக்கப்பட்டிருக்கிறாள். வீட்டுக்காரரின் முதல் மனைவி, ஜமைக்காவிலிருந்து வந்தவள், பைத்தியம் என்கிறார்கள். அவள் ஒரு வார்த்தைகூட நம்மிடம் பேசுவதில்லை. உறுமுகிறாள், சிரிக்கிறாள், கடைசியில் வீட்டைக் கொளுத்திவிட்டுக் கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். ஆல்பத்தின் ஓரத்தில் பாதி முகம் தெரிந்தவள் இவள்தான்.

கரீபியத் தீவான டொமினிகாவில் 1890-இல் பிறந்த ஜீன் ரீஸ், தம் எழுபதுகளில், 1966-இல், அவளுக்கு ஒரு நாவல் எழுதினார். பெயர் 'வைட் சர்காசோ சீ'. அவளுக்கு ஓர் இளமை, ஒரு தோட்டம், அடிமை முறை ஒழிந்த பிறகு நொடித்துப்போன ஒரு குடும்பம், சீதனத்துக்காக வந்த ஓர் ஆங்கிலேயக் கணவன். அவளுடைய பெயரைக்கூட அவன்தான் மாற்றுகிறான்: அந்த்வானெத் என்பவளைப் பெர்த்தா என்று கூப்பிடத் தொடங்குகிறான். பெர்த்தா என்ற பெயர் மட்டும்தான் பழைய நாவலை அடிக்கடி படித்தவர்களுக்கும் மனத்தில் நின்றிருக்கும்.

முன்பு படித்தவர்களுக்கு முடிவு தெரியும். தீ வரும் என்று தெரியும், அவள் குதிப்பாள் என்று தெரியும். ரீஸ் அந்தத் தீயை நேரில் எழுதவில்லை. கனவில் மட்டும் ஒருமுறை எரியவிடுகிறார். அவள் விழித்தெழுகிறாள். காவல்காரி குறட்டை விடும்வரை காத்திருக்கிறாள். சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறாள். வெளியே காற்று வீசுகிறது, மெழுகுவர்த்தியின் சுடர் அணையப் பார்க்கிறது. அதைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். சுடர் நிமிர்கிறது. அவள் இருண்ட நடைவழியில் நடக்கத் தொடங்குகிறாள். ரீஸின் நாவல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. வீடு எரிவதைப் பார்க்க வேண்டுமென்றால் 1847-க்குத்தான் போக வேண்டும்.